விளையாடுவதற்கா காசு என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் திருச்சியில் ஒரு குழந்தைகள் மனநல மையத்தில் பேரனை விளையாட்டு சிகிச்சைக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பதி. நாலு வாரமாகப் பையனைக் கூட்டி வந்துகொண்டிருந்தவர்கள், அன்றைக்கு இனிமேல் வரப்போவதில்லை என்று முடிவு செய்து எழுந்து போய்விட்டார்கள். "உள்ளே போய் மண்ணுல விளையாடிட்டு வர்றான், இதுக்கு வாரம் 900 ரூபாயா, நம்ம வாசல்லயே விளையாடுவானே" என்று அந்த அப்பா சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, நாலு மாதத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதே கேள்வியை நான் என் மகளிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பையன் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்று வாய் திறந்து சொல்லத் தெரியாமல் போனதை உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவ கிராமத்தில் 30 வருடத்துக்கு மேல் அங்கன்வாடி பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பால்வாடி டீச்சர் என்றால்தான் ஊரில் தெரியும். எத்தனையோ நூறு பிள்ளைகள் என் கண்முன்னால் செப்புச் சாமானில் சோறு ஆக்கியிருக்கிறார்கள், அப்பா அம்மா விளையாட்டு, கடை விளையாட்டு, என் குரலிலேயே அதட்டுகிற டீச்சர் விளையாட்டு எல்லாம் பார்த்தவள், அதனால் பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்லித்தர எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பேரனுக்கு நாலரை வயது. போன வருடம் அவனுக்குத் தங்கை பிறந்தாள், ஏழாம் மாதத்திலேயே. ராத்திரியில் மகளுக்கு வலி வந்து ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனபோது இவன் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து வாசலில் நின்று பார்த்திருக்கிறான். அப்புறம் 38 நாள் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில், இவனை நான் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டேன். அம்மா எங்கே என்று கேட்கும்போதெல்லாம் பாப்பா வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன், பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று. எல்லாரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்கள். ஆனால் இவன் படுக்கையில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தான், எல்கேஜியில் கூடப் படிக்கிற பிள்ளைகளைக் கடித்தான், பள்ளிக்கூட வாசலுக்குள் போய்விட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டான். நாகூருக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினோம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை, எங்களுக்கு அது ஒரு தெம்பு. பள்ளியில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். கடைசியில் குழந்தை மருத்துவர்தான் காது சோதனை முதல் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, விளையாட்டு சிகிச்சை தருகிற உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் பையன் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மூன்று பேரை மட்டும் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் கேட்டார் அந்த உளவியலாளர், என் மகள் வயதுதான் இருக்கும். பிரசவம், நடந்தது, பேசினது, தூக்கம், சாப்பாடு, யாரிடம் ஒட்டுதல் அதிகம், வீட்டில் சண்டை உண்டா, அந்த 38 நாளில் அவனுக்கு என்ன சொன்னீர்கள். கடைக்குப் போன கதையை நான் சொன்னபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை, எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அப்புறம் அறையைக் காட்டினார்.

சின்ன அறை, குழந்தைக்குக் கை எட்டுகிற உயரத்தில் அலமாரி. செப்புச் சாமான், டாக்டர் செட், குடும்பமாக வைத்து விளையாடுகிற பொம்மைகள், ஆடு மாடு ஒரு பக்கம், புலி முதலை பாம்பு இன்னொரு பக்கம், ஆம்புலன்ஸ், களிமண், வண்ணம், கையில் மாட்டிக்கொள்கிற துணிப் பொம்மைகள், ஒரு பெரிய தட்டு நிறைய மணல். பிளாஸ்டிக் கத்திகூட இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன், கோபத்தைச் சொல்லவும் பிள்ளைக்கு ஒரு பொருள் வேண்டுமே அம்மா என்றார். பேட்டரி போட்டால் தானாக ஓடுகிற, பாடுகிற பொம்மை ஒன்றுகூட இல்லை, அது மாதிரி பொம்மையில் பிள்ளை செய்வதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தால் காரணம் புரிகிறது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்தான் இருக்கும். வீட்டில் எல்லாம் தலைகீழாகிப் போன ஒரு பிள்ளைக்குப் போன வாரம் வைத்த புலி இந்த வாரமும் அங்கேயே நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

உள்ளே அவர் என்ன செய்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது, அந்த அப்பாவுக்குத் தெரியாமல் போனதும் இதுதான் என்று நினைக்கிறேன். அவர் எதையும் சொல்லித்தருவதில்லை. இது என்ன நிறம், எத்தனை பொம்மை இருக்கிறது என்று கேட்பதில்லை. பிள்ளை செய்வதை அப்படியே சொல்கிறார், "அதைத் தூக்கி அங்கே வைக்கிறே" என்று, பொம்மைக்குப் பெயர்கூடச் சொல்லமாட்டார், ஏனென்றால் நமக்கு நாயாகத் தெரிவது பிள்ளைக்கு அப்பாவாக இருக்கலாம், அவன் பெயர் வைக்கும்வரை அது 'அது'தான். "சூப்பர், அழகா வரைஞ்சிருக்கே" என்று பாராட்டுவதும் கிடையாது, "நிறைய நீலம் பூசியிருக்கே" என்பார். நாமெல்லாம் பாராட்டினால் நல்லது என்று நினைக்கிறோம், ஆனால் ஒருமுறை பாராட்டிவிட்டால் அடுத்த தடவை பிள்ளை நமக்குப் பிடித்ததைத்தான் வரையும், தனக்குள் இருப்பதை வரையாது. அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றும் விடுவதில்லை. அடிக்கக் கை ஓங்கினால், உனக்கு என்மேல் கோபம், ஆனால் நான் அடிப்பதற்கு இல்லை, அந்தத் தலையணையை அடிக்கலாம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வாராம், குரலை உயர்த்தாமல். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவிடுவார், திடீரென்று பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளுவதில்லை.

என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாமல் இருந்தது ஒன்று உண்டு. விளையாடி முடித்ததும் பிள்ளையை எடுத்து வைக்கச் சொல்வதில்லை. பிள்ளை போனபிறகு அவரே எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்கிறார். 30 வருடம் "எடுத்தது எங்கே இருந்ததோ அங்கே வை" என்று சொல்லியே பழகியவள் நான், இது பிள்ளையைக் கெடுக்கிற வேலை என்று நேராகவே சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. ஒருவர் மனசில் உள்ளதையெல்லாம் அழுது கொட்டி முடித்ததும், சரி, கொட்டினதைக் கூட்டி அள்ளிவிட்டுப் போ என்று சொல்வோமா அம்மா என்று கேட்டார். வீட்டில் எடுத்து வைக்கப் பழக்குங்கள், இந்த 45 நிமிடம் மட்டும் வேறு என்றார்.

சரி, வாசலிலேயே விளையாடுவானே என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் எனக்கு 2004-லேயே தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் இருந்தோம், அங்கேயே ஒரு ஓரத்தில் பால்வாடியும் நடந்தது. பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். ஒருத்தன் அலை, மற்றவர்கள் "வருது வருது" என்று ஓட வேண்டும், பிடிபட்டவன் கீழே விழுந்து அசையாமல் கிடக்க வேண்டும். பெரியவர்கள் யாருக்கும் அதைப் பார்க்கத் தாங்கவில்லை. நான் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினேன், அபசகுனமா விளையாடாதீங்க என்று. ஓடுகிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் ஓடினார்கள், அவர்களெல்லாம் கொஞ்ச நாளில் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஒரு பெண் குழந்தை இருந்தாள், நாலு வயது, அம்மாவையும் அண்ணனையும் பறிகொடுத்தவள். அவள் தனியாக உட்கார்ந்து மணலில் வீடு கட்டுவாள், உள்ளே கிளிஞ்சல்களை அடுக்குவாள், டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றுவாள், எல்லாம் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், மறுபடி கட்டுவாள். சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. மாதக் கணக்கில் அதே வீடு, அதே தண்ணீர். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று வருமே, மணல்வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவது, அதில் உள்ள கொஞ்சல் எதுவும் இதில் இல்லை. ஒரு நாள் அவள் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி ஒரு அடி வைத்துவிட்டேன். அப்புறம் அவள் என் எதிரில் விளையாடவில்லை.

அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார்கள், பிள்ளைகள் அப்படி விளையாடினால் தடுக்காதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள் என்று சொன்னார்கள். காதில் விழுந்தது. தடுக்காமல் இருக்கப் பழகினேன், பக்கத்தில் உட்காரவில்லை. சத்துமாவு, முட்டை, பதிவேடு, நிவாரணக் கணக்கு என்று ஆயிரம் வேலை.

இப்போது பேரனுக்காகப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் சௌச்சில்லா ஊரில் 1976-ல் நடந்ததைத் தெரிந்துகொண்டேன். பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளைக் கடத்திக்கொண்டுபோய், ஒரு லாரிப் பெட்டிக்குள் அடைத்து மண்ணுக்கடியில் புதைத்து வைத்தார்கள், பிள்ளைகள் எப்படியோ தப்பி வந்துவிட்டார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் சொன்னது, பெரும் பயத்தைக் கண்ட பிள்ளைகளின் விளையாட்டில் ஒரு வகை உண்டு, அது திரும்பத் திரும்ப அதே மாதிரி நடக்கும், அதில் சந்தோஷம் இருக்காது, விளையாடி முடித்தாலும் பயம் குறையாது. படித்ததும் எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது. அவளும் வாசலில்தான் விளையாடினாள், வேண்டிய மட்டும் மணலும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. நீ வீடு கட்டினே, தண்ணி வந்துச்சு, எல்லாம் போயிடுச்சு என்று அவள் செய்வதைப் பார்த்துச் சொல்லவும், அவளுக்குத் தாங்குகிற நேரம் பார்த்து ஒரு படகை அந்த மணலின் ஓரத்தில் வைக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. அந்த 900 ரூபாய் மணலுக்கு இல்லை, அந்த ஆளுக்கு.

இது இன்றைக்கு நேற்று வந்த நாகரிகமும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்தபின் போலந்தில் மருத்துவராக வேலை பார்த்த மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1928-ல் லண்டனில் குழந்தைகளுக்கான மையம் ஒன்றைத் தொடங்கினார், அங்கே வந்த பிள்ளைகள் மணல் தட்டில் பொம்மைகளை வைத்துத் தங்கள் 'உலகத்தை' உண்டாக்கினார்கள், மணல் தட்டு அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-ல் இதற்கென்றே எழுதிய புத்தகத்தில் எட்டு அடிப்படைகளைச் சொல்கிறார், பிள்ளையை இருக்கிறபடி ஏற்றுக்கொள்ள வேண்டும், பிள்ளை முன்னே போகட்டும், பெரியவர் பின்னால் போகட்டும், அவசரப்படுத்தக் கூடாது என்பது போல. நம் மொழி பேசுகிற இடத்திலும் நடந்திருக்கிறது, இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோதே 1996-ல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கித் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்து வந்து களிமண், வண்ணம், கதை, நாடகம் என்று விளையாட விட்டார்கள். பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, 93 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு பலன் உண்டு என்றுதான் சொல்கிறது, பெற்றோரும் சேர்ந்து ஈடுபட்டால் இன்னும் கூடுதல் பலன் என்றும் சொல்கிறது. அந்த 93-இல் பல சிறிய ஆய்வுகள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி பெற்றோருக்கு, எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிற சில விஷயங்கள்.

வெளியே வந்ததும் "இன்னைக்கு என்ன விளையாடினே" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், அதுவும் சாக்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அவன் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் அரை மணி நேரம் அறை மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தானாம். அந்த அறை அவனுடையது. உள்ளே நடப்பதை உளவியலாளர் நமக்கு அப்படியே ஒப்பிக்கமாட்டார், நாலு வாரத்துக்கு ஒருமுறை நம்மை உட்கார வைத்து, பிரிவைப் பற்றிய விளையாட்டு அதிகம் வருகிறது, இப்போது அம்மா வெளியே போனால் எப்போது வருவேன் என்று சரியாகச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிற அளவுக்குச் சொல்வார். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்திருப்பது தெரிந்தால் அது வேறு, அதை அவர் மறைக்கவும் முடியாது, பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும்.

அதே மாதிரி, கறுப்பு பூசினால் சோகம், அப்பா பொம்மையைப் புதைத்தால் அப்பாமேல் வெறுப்பு என்று கனவுக்குப் பலன் சொல்வதுபோல் நாமே பலன் சொல்லிக்கொள்வது மிகவும் தவறு. கறுப்பு டப்பா மூடி எளிதாகத் திறந்ததாலும் பிள்ளை கறுப்பு பூசலாம். ஒரு தடவை நடந்ததை வைத்துப் படித்தவர்களே முடிவு சொல்லமாட்டார்கள்.

நாலாவது ஐந்தாவது வாரத்தில் பிள்ளை முன்னைவிட மோசமாக நடந்துகொள்ளலாம். எங்கள் பையன் தொட்டிலைப் பிடித்துத் தள்ளிவிட்டான், நல்ல வேளை குழந்தை அதில் இல்லை. இது வரலாம் என்று எங்களிடம் முதலிலேயே சொல்லியிருந்ததால்தான் தாக்குப்பிடித்தோம். அடைத்து வைத்தது வெளியே வரும்போது முதலில் கோபமாகத்தான் வருகிறது.

அப்புறம், போர்டில் 'ப்ளே தெரபி' என்று எழுதியிருப்பதெல்லாம் அது இல்லை. இந்த மையத்துக்கு முன்னால் வேறு ஓர் இடத்தில் போய்க் கேட்டோம், மேசையில் உட்கார வைத்து நிறம் பொருத்துவது, வடிவம் பொருத்துவது, சொன்னால் ஸ்டார் ஒட்டுவது. அதுவும் தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அது விளையாட்டு வழியாகப் பாடம் சொல்லித்தருவது, இது வேறு. பேச்சுப் பயிற்சியோ ஆட்டிசத்துக்கான பயிற்சியோ தேவைப்படுகிற பிள்ளைக்கு அதற்குப் பதிலாக இதைக் கொடுப்பதும் சரியில்லை. கேட்கக் கூச்சப்படாதீர்கள், மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், விளையாட்டு சிகிச்சைக்கென்று எங்கே, எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள், பெற்றோரைத் தனியாகச் சந்திப்பீர்களா என்று கேளுங்கள். முதல் நாளே பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுக் கவுண்டரில் பணம் கட்டச் சொல்கிற இடத்தை நான் நம்பமாட்டேன்.

பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? மாவட்டங்களில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். வீட்டிலும் ஒன்று செய்யலாம், இதை பெர்னார்ட் கர்னி, லூயிஸ் கர்னி என்ற தம்பதி 1960-களிலேயே அமெரிக்காவில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரம், அரை மணி, அதற்கென்று தனியாக ஒரு பெட்டி பொம்மை, போன் அணைத்திருக்க வேண்டும், பிள்ளை சொல்வதுதான் விளையாட்டு, நாம் கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது. கேட்க எளிது, என் மருமகனுக்கு முதல் நாள் பத்து நிமிடம் தாண்டவில்லை, "கார் அப்படி ஓடாதுடா" என்று சொல்லிவிட்டார். இப்போது பழகிவிட்டது. அந்த உளவியலாளர் எங்களுக்கு நடத்திக்காட்டி, தவறைத் திருத்தித்தான் கற்றுக்கொடுத்தார். பெரிய பயம் கண்ட பிள்ளைக்கு இது மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள், உங்கள் பத்திரிகை வழியாகப் போனால் யார் கண்ணிலாவது படும். அங்கன்வாடிப் பணியாளருக்கு எடை பார்க்கவும் உயரம் அளக்கவும் கற்றுக்கொடுக்கிறீர்கள், பிள்ளை விளையாடுவதைப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். சிகிச்சை செய்யச் சொல்லவில்லை, அதற்குப் படித்தவர்கள் வேண்டும். மாதக் கணக்கில் அதே விளையாட்டு, சிரிப்பில்லாத முகம் என்றால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும். ஒரு ஆயா உதவியோடு இருபது முப்பது பிள்ளைகளையும் பதிவேட்டையும் செல்போன் செயலியையும் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பக்கத்தில் உட்கார நேரம் எங்கே என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பேரன் இப்போது பள்ளியில் ஒரே ஒரு பிள்ளையிடம் பேசுகிறான், டீச்சரிடம் இன்னும் இல்லை. படுக்கை நனைவது வாரத்தில் ஒரு நாள் என்று குறைந்திருக்கிறது. அம்மா கடைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாள், நான் உன்னிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு நாள் அவனிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும் அம்மாச்சி" என்றான்.

அன்று எழுந்து போன தம்பி இதைப் படித்தால், அந்த உளவியலாளரிடமே நேராகப் போய் என் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது, எத்தனை நாள் ஆகும், எதை வைத்துச் சரியாகிறது என்று நான் தெரிந்துகொள்வது என்று கேளுங்கள், கேட்டால் சொல்வார். உங்கள் நேரத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி பணியாளர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.